நடுப்பக்கத்துப் பெரிய எழுத்து

“…வேற யாரு மேலயும் போட வேணாம், தம்பி. சொன்னது நான்தான். எங்குட்டு நின்னு சொன்னேங்கிறதுகூட ஞாபகமிருக்கு,” என்றார் மெஸ் அக்கா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பந்தியில் “அந்த இலைக்கு ரசம்” என்பாரே, அந்த அளவுக்குத்தான் குரல். ஆனால் புது மெஸ்ஸில் பால் காய்ச்சுவதற்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. என் கக்கத்தில் நானே அச்சடித்து நானே தைத்த புத்தகங்கள் ஒரு கட்டாக இருந்தன. எதிரே அக்காவின் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, மிச்சமிருந்த ஒரே பிரதியைக் கையில் வைத்திருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை கைவசம் வைத்திருப்பவன் நான். அன்றைக்குக் கைவசம் இருந்தது அந்தக் கட்டு மட்டும்தான்.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் மிஷினுக்குள் போகிற தாளில் படித்ததுதான்: பத்திரம், பட்டா, ஜாதகம், விவாகரத்து மனு. ஆனால் தாளைவிட, தாளைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கும். மிஷின் சூடாகிறவரைக்கும் யாரும் சும்மா நிற்கமாட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டிய ஓர் அம்மா, “போட்டோ எடுக்கையில முழிச்சுப்புட்டேன், திருடி மாதிரி விழுந்திருச்சு. போகுது, எவனும் எங்கிட்ட வம்புக்கு வரமாட்டான்,” என்றார். தேவகோட்டை பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், “நான் எங்கய்யா பஸ்ஸை ஓட்டுறேன், அதுதான் என்னைய ஓட்டுது,” என்றார். ஒரு குமாஸ்தா, “நம்ம வக்கீலு அஞ்சு மணிக்கு வாரேன்னா அது நேரமில்ல, ஆறுதலு,” என்றார். இதையெல்லாம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன். அவள், “உங்களுக்கு எதுக்கு மிஷினு? நீங்களே ஒரு ஜெராக்ஸுதான்,” என்பாள். அதைப் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

என் கடைக்கு எதிர்த்தாற்போல அக்காவின் மெஸ். எங்களுக்குள் சொந்தபந்தம் ஒன்றும் கிடையாது, எதிர்க்கடை உறவுதான். ஆனால் மத்தியானம் அங்கே சாப்பிடாத நாளில் எனக்குச் சாப்பிட்டதாகவே இருக்காது. சோற்றுக்காக மட்டும் இல்லை. அவசரமாக அள்ளிப் போடுகிறவனைப் பார்த்தால் அக்கா, “மெதுவாச் சாப்பிடுங்க. சோறு எங்கேயும் ஓடிறாது, ஓடுனா நான் பிடிச்சுத் தாரேன்,” என்பார். மீன்குழம்பை வைத்துக்கொண்டு அரசியல் பேசுகிறவரிடம், “முள்ளை எடுத்துட்டுப் பேசுங்க, இல்லாட்டிப் பேசி முடிச்சிட்டு முள்ளை எடுங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டா எனக்குத்தான் பயமா இருக்கு,” என்பார். மெஸ் முழுக்கச் சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

அக்காவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கல்யாணம் ஆனதும் அவன் போய்விட்டான், மருமகள் அக்காவோடு இருந்தாள். ஒக்கூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், அதுவும் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வயல். வந்த புதிதில் இலை போட மட்டும் வெளியே வருவாள். போகப்போகக் கல்லாவில் உட்கார்ந்தாள், அப்புறம் அடுப்படிக்கும் அவளே. அக்காவின் முழங்கால் தேய்ந்துபோனபோது மெஸ்ஸைத் தாங்கியது அவள் கைதான். அவளுக்கும் என் வியாதி தெரியும். கடைக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதே, “அண்ணே, இன்னைக்கு அயித்தை என்ன சொன்னாக தெரியுமா?” என்று ஆரம்பிப்பாள். நான் மெஸ்ஸில் இல்லாத நேரத்தில் அக்கா பேசியதெல்லாம் எனக்கு அவள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஓர் இளம்பெண் கடைக்கு வந்து, “அண்ணே, கெட்டுப்போன தாள் இருந்தா தாரீகளா? மை துடைக்கணும்,” என்று கேட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கெட்டுப்போன தாளைக் கேட்டு வந்த முதல் ஆள். என்ன மை, எதற்கு மை என்று விசாரித்தேன். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால், ஒரு பெரிய வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து அச்சகம் வைத்திருப்பதாகச் சொன்னாள். ஈய எழுத்தைக் கோர்த்துக் காலால் மிதித்து அடிக்கிற அச்சு. கல்யாணப் பத்திரிகை, ஊறுகாய் லேபிள், கையால் தைத்த சின்னப் புத்தகங்கள் என்று வேலை ஓடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொடுக்கவும் செய்கிறாளாம். தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போனேன். போனவன் அடுத்த ஞாயிறும் போனேன்.

என் வயதில் பாதி இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வெளியூரில் படித்துவிட்டு வந்தவள். ஆனால் திட்டுகிறபோது சுத்தமான காரைக்குடி. முதல் நாள் என்னை எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சின்ன அறை. ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையில் பிடித்திருக்கிற இரும்புத் தட்டில் தலைகீழாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அடுக்க வேண்டும். என் பெயரை அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன். மை தடவி அடித்துப் பார்த்தால் என் பெயரே என்னைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது.

“பரவாயில்லண்ணே, மல்லாக்கத் திரும்பிப் படுத்தா சரியாயிரும்,” என்றாள்.

பச்சை பட்டனை அமுக்கியே பழகிய விரலுக்கு அந்த எழுத்துகள் பிடிபட வெகு நாளானது. ஒரு வரி முடியப்போகிற நேரத்தில் தட்டு சாயும், மொத்தமும் தரையில் சிதறும். குனிந்து பொறுக்குவேன். “வாய்க்கு இருக்கிற வேகத்தைக் கையில பாதி வச்சுக்கங்க,” என்பாள். ஈயம் பட்ட கையோடு வடையை எடுக்கப்போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு வாக்கியம் ஒழுங்காக அடுக்கி, சட்டத்தில் இறுக்கி, மிஷினில் பூட்டி, காலால் மிதித்து முதல் தாளை வெளியே எடுக்கிறபோது இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தத் தாளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸில் எழுத்து தாளின் மேலே உட்கார்ந்திருக்கும். இங்கே எழுத்து தாளுக்குள் இறங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தைத் தடவினால்கூட மேடு தெரியும்.

அக்கா மெஸ்ஸை அடுத்த தெருவில் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னது அந்தச் சமயத்தில்தான். “இனிமே அடுப்படி அவ பொறுப்பு, கல்லாவும் அவ பொறுப்பு. நான் ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து குத்தஞ் சொல்லப்போறேன்,” என்றார். மருமகள் பக்கத்தில் நின்று, “அதை மட்டும் என்னால செய்ய முடியாது அயித்தே, அது நீங்கதான் செய்யணும்,” என்றாள். மாமியார் மருமகள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்க எனக்கு உச்சி குளிர்ந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு அக்காவுக்கு ஒரு புத்தகம் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். அக்கா பேசியது, மெஸ்ஸில் மற்றவர்கள் பேசியது எல்லாம் சேர்த்து, பக்கத்துக்கு ஒரு பேச்சாக, ஒரு சின்னப் புத்தகம். அக்காவுக்குச் சொல்லவில்லை. மருமகளுக்கு மட்டும் தெரியும். தினமும் ஒன்று கொண்டுவந்து கொடுப்பாள். “எனக்கு ஒரு தடவை காட்டுங்கண்ணே” என்பாள். “அச்சாகி வரட்டும்” என்று பிகு பண்ணுவேன்.

கார் ஷெட்டில் இருந்த சின்ன எழுத்து ஒரு பக்கத்துக்குத்தான் போதும். ஒரு பக்கத்தை அடுக்கி, அடித்து, கழுவி, எழுத்தையெல்லாம் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்தை அடுக்க முடியும். அப்படியே ஞாயிறு ஞாயிறாகப் போனது. ஒரு நாள் மூலையில் இருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டைவிரல் தண்டிக்குப் பெரிய எழுத்துகள். புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ அச்சகத்தில் சுவரொட்டிக்கு வைத்திருந்ததாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. புத்தகத்தின் நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து, குறுக்காக, இந்த எழுத்தில் ஒரே ஒரு வரி அடித்தால் எப்படி இருக்கும்!

“எழுத்துக் குறைச்சலாத்தான் கெடக்குண்ணே. பாதி அறை காலி. சின்ன வரியா இருந்தாத்தான் தேறும்,” என்றாள் அந்தப் பெண்.

ஒவ்வொரு பேச்சாக எடுத்து அளந்து பார்த்தேன். சோறு ஓடுகிற பேச்சு நீளம். மீன்முள் அதைவிட நீளம். ஒன்றுக்கு ‘டு’ போதவில்லை, இன்னொன்றுக்கு ‘ச்’ இல்லை. கடைசியில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த ஒன்றை அக்கா சொன்னது மகன் கல்யாணம் முடிந்த வாரம். மருமகள் மறுவீட்டுக்கு ஒக்கூர் போயிருந்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் பெண் வீட்டுச் சீரைக் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். பாத்திரம், பண்டம், பாய், தலையணை எல்லாம். வந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்து பார்ப்பார்கள். அந்தக் கல்யாணத்தில் பரப்பினது கொஞ்சந்தான். மெஸ்ஸில் யாரோ, “சீரெல்லாம் எப்படிக்கா?” என்று வாயைக் கிண்டினார்கள். அக்கா குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மருமக சீரைப் பரப்புனோம். வீடு கூட்ட எடஞ்சலே இல்ல,” என்றார். எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு, “ஆனா பொண்ணைப் பெத்த அந்த மனுசன் மொகத்தைப் பார்த்தபெறகு எனக்கு ஒண்ணும் கேக்கத் தோணல,” என்றும் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதனாலேயே யார் மனதிலும் அது நிற்கவில்லை.

என் மனதில் நின்றது. எனக்குத்தான் கேட்டதெல்லாம் நிற்குமே. இரண்டையும் அடுக்கத்தான் பார்த்தேன். எழுத்துப் போதவில்லை. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அச்சடிக்கிற பெண் தட்டில் இருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். அவளுக்கு அது பழக்கம். “இது நல்லா இருக்குண்ணே. ஆனா சொன்னவுகளைக் கேட்டீகளா?” என்றாள்.

“அவுககிட்டச் சொல்லாமத்தானே செய்யிறோம்.”

“மருமகளாவது பார்த்தாகளா?”

“அவளுக்கே சிரிப்பு வரும்மா. ரெண்டு பேரும் இப்ப எப்படி இருக்காக தெரியுமா, தாயும் மகளுந்தான்,” என்றேன்.

அந்த வரியை அடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. ஒவ்வோர் எழுத்தாகத் தூக்கி, துடைத்து, இடைவெளிக்கு ஈயத்துண்டு வைத்து, ஒரு பக்கம் இறங்கியிருந்த எழுத்துக்கு அடியில் சிகரெட் தாள் கொடுத்து ஏற்றி, இப்படி ஒரு சாயங்காலம். ‘சீ’ என்கிற எழுத்தின் வளைவு எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மருமக’ என்பதில் நான்கு எழுத்தும் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குச் சொந்தமானவள் தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள் என்பது ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. மனிதர்களின் பேச்சு என்றால் எனக்கு உயிர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

பெரிய எழுத்து என்பதால் அழுத்தம் கூடக் கொடுக்க வேண்டியிருந்தது. நன்றாகவே பதிந்தது. பின்பக்கம் தடவினால் மேடு தட்டியது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மற்றப் பக்கங்களைக் காட்டி, “தடவிப் பாருங்க” என்று நீட்டினேன். நடுப்பக்கத்தை மட்டும் ஆச்சரியத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்தேன்.

அப்புறம் தையல். தாள்களை மடித்து, மடிப்பைக் கட்டையால் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் வழியே மெழுகு பூசிய நூலை விட்டு இழுத்துக் கட்ட வேண்டும். அட்டைக்குக் கண்டாங்கிச் சேலைத் துணி. பசைக்கு மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். முடிச்சுப் போட்டுத் துண்டிக்கும்போது அந்தப் பெண், “இப்பிடி ஒரே மடிப்பாத் தைச்ச புத்தகத்துல ஒரு கொணம் இருக்குண்ணே. எங்க தொறந்தாலும் நூலு இருக்கிற எடத்துலதான் வந்து விரியும்,” என்றாள். நான் அதைக் கேட்டு இன்னும் சந்தோஷப்பட்டேன். நடுப்பக்கத்தில் அல்லவா நம்முடைய பெரிய எழுத்து!

பால் காய்ச்சுகிற அன்று காலையில் புத்தகங்களைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். புது மெஸ்ஸில் சுண்ணாம்பு வாசனையும் சந்தன வாசனையும் கலந்து இருந்தது. பெரிய பர்னர் அடுப்புக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, மேலே பால் ஊற்றின பித்தளைப் பாத்திரம் தயாராக இருந்தது. முதல் அடுப்பை யாரும் தொடக்கூடாது, நல்ல நேரம் வந்ததும் நானேதான் பற்றவைப்பேன் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குத் தீப்பெட்டியைக்கூட வெற்றிலைத் தட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

வாசலில் கல்கண்டு, சந்தனம் வைத்திருந்த மேஜையில் என் புத்தகங்களை அடுக்கினேன். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லை. “துணி நல்லா இருக்கு தம்பி. உள்ள என்ன?” என்றார். “நீங்க பேசுனதுதான்” என்றேன். “அப்ப பாதிக்கு மேல வசவாத்தான் இருக்கும்,” என்று சொல்லி மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தவர்களை வரவேற்கப் போனார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மருமகளின் அப்பா இறங்கினார். ஆட்டோக்காரரும் அவருமாக ஓர் அண்டாவை இறக்கினார்கள். பெரிய அண்டா. வெள்ளி மாதிரிப் பளபளத்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி வைத்துப் பெயர் வெட்டியிருந்தது, மகளின் பெயர் இல்லை, மெஸ்ஸின் பெயர். அவர் துண்டை எடுத்து அண்டாவில் பட்டிருந்த விரல் தடத்தைத் துடைத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றார். “கல்யாணத்துக்கே செஞ்சிருக்க வேண்டியது…” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது. எனக்குத்தான் எல்லாம் கேட்குமே.

அப்போதுதான் நடுப்பக்கத்து வரி எனக்கு உறைத்தது.

மேஜைக்கு ஓடினேன். புத்தகங்களை அள்ளினேன். “என்னண்ணே, குடுக்கலையா?” என்றார்கள். “மை இன்னும் காயல, ஒட்டிக்கும்” என்று புளுகினேன். கையில் எடுத்தவர்களிடமிருந்தும் பிடுங்கினேன். ஒருவர், “காயாததையா கட்டிக் கொண்டாந்தீக?” என்று கேலி பண்ணினார். சிரித்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சம்பந்தி வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் ஒரு பிரதி.

“அய்யா, அது மை காயல…”

“காஞ்சிருச்சே தம்பி. கையில ஒண்ணும் ஒட்டலையே,” என்று விரலைக் காட்டினார். “நீங்களே செஞ்சதாமுல்ல? மக சொல்லுச்சு. எம்பிட்டு வேலை!”

முதல் பக்கத்தைப் படித்தார், சிரித்தார். சோறு ஓடுகிற பேச்சுக்குத் தோள் குலுங்கச் சிரித்தார். அடுத்த பக்கத்துக்கு விரலை நகர்த்தினார். புத்தகம் தன் குணத்தைக் காட்டியது. தாள்கள் இரண்டு பக்கமும் சரிந்து, நூல் இருக்கிற இடத்தில் வந்து மல்லாந்தது.

அந்த எழுத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை. அவர் படித்தார். படித்துவிட்டு, எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். ஊரெல்லாம் நான் தடவிப் பாருங்கள் என்று சொன்ன அதே மாதிரி. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சிரித்த சிரிப்பு மட்டும் போக இடம் தெரியாமல் அங்கேயே நின்றது.

மருமகள் தண்ணீர் டம்ளரோடு வந்தவள், அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இது நான் உங்களுக்குச் சொன்னதில்லையே.”

அதில் கோபம்கூட இல்லை. அவள் கொண்டுவந்து கொடுத்த பேச்செல்லாம் அவளுக்குத் தெரியும். இது அதில் இல்லை. அப்படியென்றால் அவள் முதுகுக்குப் பின்னால் பேசியது. அதை அவள் கண்டுபிடிக்கிறதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். “நல்லாத்தான் செஞ்சிருக்கீக, தம்பி,” என்றார் என்னிடம். பிறகு மகளிடம், “அப்ப நான் வாரேன் ஆத்தா. பஸ்சுக்கு நேரமாச்சு,” என்று எழுந்தார். நல்ல நேரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பால் இன்னும் பற்றவைக்காத அடுப்பில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் பால் பொங்குவதற்கு முன்னால் எழுந்து போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இருங்கப்பா, நானும் வாரேன்,” என்றாள்.

வாசல் வரைக்கும் என்றா, ஒக்கூர் வரைக்கும் என்றா, அந்தக் குரலில் தெரியவில்லை. கல்யாணமானதிலிருந்து இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து வளர்த்த மெஸ்ஸும், அந்த மாமியார் மருமகள் பேச்சும், எல்லாம் என் பெரிய எழுத்தில் வந்து இடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? அக்கா அதற்கப்புறம் சொன்ன இன்னொரு பாதியைச் சொல்லியிருக்கலாம். எழுத்து போதாமல் நான்தான் வெட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட்டு நான் புளுகினேன். மை காயவில்லை என்று ஆரம்பித்த வாய்தானே.

“அய்யா, தப்பா எடுத்துக்கிறாதீக. அது இந்த மெஸ்ஸுல சொன்னதே இல்ல. கோர்ட்டுக்கு வந்த யாரோ ஒரு அம்மா, வெளியூரு, அவுக மருமகளைப் பத்தி எங்கடையில நின்னு…”

சம்பந்தி தலையை ஆட்டினார். நம்பினார் என்று இல்லை. நம்பினதாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்த தலையாட்டல். “அப்பிடியா, அப்பிடியா” என்றார். என்னைக் காப்பாற்றுகிற மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா இருக்கிற பக்கம் திரும்பினேன். என் கண்ணில் என்ன கெஞ்சல் இருந்ததோ. நீங்களும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், முடிந்துபோகும் என்று அதற்கு அர்த்தம்.

அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரிடம் புத்தகத்தைக் காட்டவில்லை, வரியைப் படித்துச் சொல்லவும் இல்லை. வீடு கூட்டுகிற பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல. எந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரோ, சம்பந்தியின் முகமோ, என் முகமோ.

“கோர்ட்டுக்கு வந்த அம்மாவும் இல்ல, வெளியூருக்காரியும் இல்ல,” என்று ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து சொன்னதுதான் நான் முதலில் எழுதியது. வேறு யார் மேலும் போட வேண்டாம், சொன்னது நான்தான், எங்கே நின்று சொன்னேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சிரிப்புக்குச் சொன்னேன் என்று இல்லை. அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னேனே என்றும் இல்லை. அந்த இன்னொன்றைச் சொல்லச் சொல்லி என்னைப் பார்க்கவும் இல்லை.

முழங்காலில் கையை ஊன்றி, வெற்றிலைத் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒவ்வோர் அடியாக வாசல் வரைக்கும் நடந்து வந்து, சம்பந்தியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அந்த உள்ளங்கையில் தீப்பெட்டியை வைத்தார். பிறகு அடுப்புக்குப் போகிற வழியை அவருக்கு விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் நின்ற மருமகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார்.